விண்மீனின் நாடி கண்ட இரகுநாதாச்சாரியார்

வில்லியனூர்ச் சூளையில் வெந்த பானையை நம் வீட்டுப் பெண்கள் எப்படி வாங்குகிறார்கள் என்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பானையை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலை மடக்கி, அதன் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்த பானை. ஒலி மந்தமாக இருந்தால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறியப் பானையை உடைக்க வேண்டியதில்லை. அதன் அதிர்வே அதன் உள்ளத்தைச் சொல்லிவிடுகிறது.

விண்மீனின் உள்ளத்தையும் இப்படி அறிய முடியுமா? கோடானு கோடி மைல்களுக்கு அப்பால் உள்ளதை யார் சென்று தட்டுவது? தட்ட வேண்டியதில்லை. பல விண்மீன்கள் தாமாகவே துடித்துக்கொண்டிருக்கின்றன. விரிகின்றன, சுருங்குகின்றன; ஒளி கூடிக் குறைகிறது. அந்தத் துடிப்பை அளந்து விண்மீனின் அடர்த்தியையும் பருமனையும் வயதையும் கணிக்கும் கலை இன்று அறிவியலின் பெரிய கிளையாக வளர்ந்துள்ளது. அக்கலைக்கு மூலப்பொருள், எந்த விண்மீன் துடிக்கிறது என்று முதலில் கண்டு சொல்லும் கண். அத்தகைய கண் ஒன்று 1867ஆம் ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தில் விழித்திருந்தது. அக்கண்ணுக்கு உரியவரே சிந்தாமணி இரகுநாதாச்சாரியார்.

நம் மண்ணின் வான்

அவர் வரலாற்றிற்குள் நுழையுமுன், நம் புதுச்சேரி மண்ணுக்கும் வானியலுக்கும் உள்ள உறவைச் சிறிது நினைவுகூர்தல் பொருந்தும். 1689ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், புதுச்சேரியில் இருந்த ரிஷோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் தம் தொலைநோக்கியைத் தென்வானில் திருப்பினார். ஆல்பா சென்டாரி என்னும் ஒளிமிக்க விண்மீன் ஒன்றன்று, இரண்டு என்று கண்டார். 1761இலும் 1769இலும் சூரியனின் முகத்தை வெள்ளிக்கோள் கடந்து சென்றது. அதைக் காணப் புறப்பட்ட லெ ழான்தீல், முதல்முறை ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டதால் நடுக்கடலில் தவித்தார். எட்டாண்டு காத்திருந்து, இரண்டாம் முறை நம் ஊரிலேயே தொலைநோக்கியோடு நின்றபோது மேகம் வந்து மறைத்தது.

இவற்றினும் நாம் மறக்கக்கூடாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1825ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்பார் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அக்கணிதர் தாளும் எழுதுகோலும் இன்றித் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, அவ்வாண்டு மே 31ஆம் நாள் இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை இருந்தன. தலைமுறை தலைமுறையாக நாவிலேயே சுமந்து வந்த கணிதம் இத்துணைச் சரியாக இருந்தது என்பது நமக்குப் பெருமை. ஆயினும் அந்த 52 நிமிடம் எங்கிருந்து வந்தது? வானைப் பார்த்து வாக்கியத்தைத் திருத்தும் பழக்கம் நின்றுபோனதால் வந்தது. இந்த வினாவோடுதான் இரகுநாதாச்சாரியாரின் வாழ்வு பின்னிக் கிடக்கிறது.

நுங்கம்பாக்கத்து இரவுகள்

பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கோள்களின் கணக்கு அவருக்குத் தாய்ப்பாலோடு வந்த கல்வி. அதை வைத்துக்கொண்டே ஊரில் மதிப்போடு வாழ்ந்திருக்கலாம். அவரோ 1840களில் சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணிக்குச் சேர்ந்தார்.

1786இல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்பாரின் சொந்த முயற்சியாகத் தோன்றிய அந்நிலையம், 1792இல் நுங்கம்பாக்கத்தில் அரசுக் கட்டடத்தில் குடிபுகுந்தது. அங்கு நாட்டிய கருங்கல் தூணில் அந்நிலையத்தின் செய்தி தமிழிலும் தெலுங்கிலும்கூடப் பொறிக்கப்பட்டது. ஆயினும் நிலையத்தின் தலைமைப் பதவி ஐரோப்பியர்க்கே உரியதாக இருந்தது. நம்மவர் உதவியாளராகவே இருந்தனர். இரகுநாதாச்சாரியார் படிப்படியாக உயர்ந்து முதல் உதவியாளர் ஆனார்.

1861இல் நார்மன் போக்சன் என்னும் ஆங்கிலேயர் நிலையத் தலைவராக வந்தார். விண்மீன்களின் ஒளித்தரத்திற்கு இன்று உலகெங்கும் வழங்கும் அளவுமுறையை 1856இல் வகுத்தவர் இவரே. ஒரு தரம் குறைந்தால் ஒளி ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறையும், ஐந்து தரம் குறைந்தால் நூறு மடங்கு குறையும் என்பது அம்முறை. வந்த ஆண்டிலேயே ஏசியா என்னும் சிறுகோளைச் சென்னையிலிருந்து கண்டுபிடித்தவரும் அவர்.

இருவரும் கூடிச் செய்த பெரும்பணி விண்மீன் பட்டியல். வடக்கு தெற்காக மட்டுமே அசையும்படி தூண்களுக்கிடையே பொருத்திய தொலைநோக்கி ஒன்று இருந்தது. வானம் தானே சுழலும். ஒவ்வொரு விண்மீனும் தன் முறை வரும்போது தொலைநோக்கியின் முன் கடந்து செல்லும். கண்ணருகே உள்ள மெல்லிய குறுக்கிழைகளை அது தாண்டும் நொடியைக் குறிக்க வேண்டும். அதன் உயரத்தையும் ஒளித்தரத்தையும் எழுத வேண்டும். பின் அடுத்த விண்மீன். இப்படி 1862 முதல் ஆண்டுக்கணக்காக இரவுதோறும் நடந்தது. 5,000க்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்கள் அப்பணியால் கிடைத்தன. ஊர் உறங்கும்போது விழித்திருந்து, பகலில் எண்களைச் சரிபார்த்து, மறு இரவு மீண்டும் கண்ணை வைப்பது என்பது எளிய வாழ்வன்று. அதில் புகழும் இல்லை. பட்டியலில் ஒரு வரியைப் பார்த்து அதன் பின்னுள்ள தூக்கமற்ற இரவை யார் நினைக்கிறார்கள்?

துடிக்கும் மீன்

ஆயினும் அத்தகைய வேலையில்தான் புதியது கண்ணில் படும். பட்டியல் என்பது இருப்பதை எழுதிவைப்பது. எழுதிவைத்தால்தான் மாறியது தெரியும். வீட்டுக் கணக்கை நாள்தோறும் எழுதுபவளுக்கே எங்கே ஓட்டை என்று புலப்படுவதைப் போன்றது இது.

1867ஆம் ஆண்டு சனவரியில், தென்வானின் அடிவானத்தருகே ஒரு மங்கலான விண்மீனின் ஒளி நிலையாக இல்லை என்பதை இரகுநாதாச்சாரியார் கண்டறிந்தார். அது ஒளி கூடிக் குறையும் விண்மீன், மாறும் விண்மீன். இன்று அது ஆர் ரெட்டிக்குலி என்னும் பெயரால் உலகப் பட்டியல்களில் விளங்குகிறது. ஏறக்குறைய 280 நாட்களுக்கு ஒருமுறை அது பொலிந்து மங்குகிறது. நன்கு பொலியும்போதும் வெறுங்கண்ணுக்கு எட்டாத அளவினது. மங்கும்போதோ பல நூறு மடங்கு குறைந்து பெரிய தொலைநோக்கிக்கே அகப்படும்.

அந்த விண்மீன் இருக்கும் மண்டலத்தின் பெயரிலும் ஒரு பொருத்தம் உண்டு. ரெட்டிக்குலம் என்றால் சிறு வலை. 18ஆம் நூற்றாண்டில் நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்வானை அளந்த லக்காய் என்னும் பிரெஞ்சு வானியலார், தம் தொலைநோக்கியில் இருந்த குறுக்கிழை வலையை நன்றியோடு நினைத்து அம்மண்டலத்திற்கு அப்பெயரை இட்டார். இரவெல்லாம் குறுக்கிழைகளில் விண்மீன்களைப் பிடித்துவந்த நம்மவர் ஒருவர், குறுக்கிழையின் பெயர் கொண்ட மண்டலத்திலேயே ஒரு புதுமையைப் பிடித்தார்.

சென்னையிலிருந்து பார்த்தால் அவ்விண்மீன் தெற்கே அடிவானத்திற்கு மேல் 14 பாகைக்கு மேல் ஒருபோதும் உயராது. ஐரோப்பாவின் வானாராய்ச்சி நிலையங்களுக்கோ அது உதிப்பதே இல்லை. ஆக, தெற்கே வாழ்ந்த நமக்கு இயற்கை கொடுத்த வாய்ப்பை வீணாக்காமல் பயன்படுத்தியவர் அவர்.

1868ஆம் ஆண்டு ஆகத்து 18ஆம் நாள் நம் நாட்டின் குறுக்கே முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. போக்சன் மசூலிப்பட்டினத்திற்குச் சென்றார். வனபர்த்திக்குச் சென்ற குழு இரகுநாதாச்சாரியாரின் பொறுப்பில் விடப்பட்டது. உதவியாளர் என்ற பெயருக்குள் எத்துணை நம்பிக்கை அவர்மீது வைக்கப்பட்டிருந்தது என்பதற்கு இது சான்று. 1872இல் இலண்டன் அரச வானியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

பஞ்சாங்கப் போர்

இங்கே நிறுத்திவிட்டால் அவரை ஓர் அறிவியல் ஊழியர் என்றே எண்ணிவிடுவோம். அவர் வாழ்வின் கடினமான பகுதி தொலைநோக்கிக்கு வெளியே நடந்தது.

நம் பழைய வாக்கியக் கணிதத்தில் சந்திரனின் ஓட்டத்தைச் சொல்ல 248 வாக்கியங்கள் உண்டு. 248 நாட்களில் சந்திரனின் வேக மாற்றம் ஏறக்குறையத் திரும்ப வருகிறது என்பதைக் கண்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாக்கியமாகக் கோத்துவைத்த நம் முன்னோரின் கூர்மை வியக்கத்தக்கது. அதுவும் ஒரு துடிப்பைக் கண்டு எழுதிவைத்த செயலே அன்றோ! ஆனால் ஏறக்குறைய என்னும் சொல்லில் ஒரு சிறு பிழை ஒளிந்திருக்கிறது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அப்பிழை வட்டிபோல் ஏறும். பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், வானம் வேறொன்று காட்டும்.

இரவுதோறும் வானத்தையே நேரில் கண்ட இரகுநாதாச்சாரியாரால் இதைப் பொறுக்க முடியவில்லை. கண்ணால் கண்டு திருத்திய கணக்கின்படி, அதாவது திருக்கணித முறைப்படி, பஞ்சாங்கம் வெளியிட்டார். வேற்றார் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் எளிதில் ஒதுக்கியிருப்பர். இவரோ பஞ்சாங்கக் குடும்பத்திலேயே பிறந்தவர். சித்தாந்த நூல்களைக் கற்றவர். அதனாலேயே எதிர்ப்பும் கூர்மையாக இருந்தது. முன்னோர் வாக்கைத் திருத்த நீ யார் என்பது ஒரு பக்கத்து வாதம். முன்னோரும் வானைப் பார்த்தே எழுதினர். அவர்கள் செய்ததையே நானும் செய்கிறேன் என்பது இவர் நிலை. முன்னோரை மதிப்பது என்பது அவர்கள் முடிவைக் காப்பதா, அவர்கள் முறையைக் காப்பதா என்னும் வழக்கு அது.

அவ்வழக்கு இன்னும் முடியவில்லை. நம் மாநிலத்துத் திருநள்ளாற்றை எடுத்துக்கொள்வோம். திருக்கணிதப்படி 2025ஆம் ஆண்டு மார்ச்சு 29இல் சனிப்பெயர்ச்சி என்று பலரும் கூறியபோது, தாங்கள் வாக்கிய முறையைப் பின்பற்றுவதால் பெயர்ச்சி விழா 2026இல்தான் என்று கோயில் நிர்வாகம் அறிவித்தது. வழிபாட்டு மரபைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. இரண்டு பஞ்சாங்கங்களும் இன்றுவரை அருகருகே விற்கின்றன என்பதிலிருந்தே, ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அவர் தனியாக நின்ற இடம் எவ்வளவு கடினமானது என்று உணரலாம்.

1874ஆம் ஆண்டு திசம்பர் 9ஆம் நாள் வெள்ளி மீண்டும் சூரியனைக் கடக்கவிருந்தது. லெ ழான்தீல் புதுச்சேரியில் தவறவிட்ட 1769ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்குப் பின் அதுவே முதல் முறை. பொதுமக்களுக்காக இரகுநாதாச்சாரியார் ஒரு சிறுநூல் எழுதினார். அது ஆங்கிலத்தில் மட்டுமன்றி இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. சித்தாந்தி ஒருவரும் பிறரும் உரையாடுவதுபோல், வினாவும் விடையுமாக அதை அமைத்தார். பழைய நூல் கற்றவரை இகழாமல், அவர் வினாக்களையே எடுத்துக்கொண்டு விடை கூறிய பண்பு அதில் விளங்குகிறது. நம் நாட்டவர் வானியல் பயிலத் தனியே ஒரு வானாய்வுக் கூடம் வேண்டும் என்பதும் அவர் விருப்பமாக இருந்தது. 9ஆம் நூற்றாண்டில் பாகூரில் ஒரு வித்யாஸ்தானம் இருந்ததையும், நிருபதுங்க பல்லவன் காலத்தில் அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக வந்ததையும் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கல்விக்கு ஊரையே எழுதிவைத்த மண் இது. ஆனால் இரகுநாதாச்சாரியாரின் கனவுக்கு அப்படி எழுதிக் கொடுக்க அந்நாளில் ஒருவரும் வரவில்லை.

1880ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் அவர் மறைந்தார். தாம் கண்ட விண்மீன் ஏன் துடிக்கிறது என்பதை அறியாமலே மறைந்தார்.

துடிப்பு சொன்ன செய்தி

அதற்கு முந்திய ஆண்டில்தான், 1879இல், செருமானிய அறிஞர் ரிட்டர் ஓர் உண்மையைக் கணக்கிட்டுக் காட்டினார். வாயுக்கோளமாகிய விண்மீன் விரிந்து சுருங்கித் துடிக்கக்கூடும். அத்துடிப்பின் காலம் அதன் சராசரி அடர்த்தியைப் பொறுத்தது. அடர்த்தி நான்கு மடங்கு குறைந்தால் துடிப்பின் காலம் இரு மடங்காகும். கோயில் மணியையும் கைமணியையும் எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். சிறுமணி கிணுகிணுவென்று விரைந்து அதிரும். பெருமணி ஆழ்ந்து மெல்ல அதிரும். மணியைக் காணாமலே ஒலியைக் கேட்டு அளவைச் சொல்லலாம்.

இந்தக் கணக்கை இரகுநாதாச்சாரியாரின் விண்மீனுக்குப் பொருத்துவோம். சூரியன் முழு உடலாக விரிந்து சுருங்கினால் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஆகும். ஆர் ரெட்டிக்குலிக்கோ 280 நாள். அப்படியானால் அதன் சராசரி அடர்த்தி நாம் மூச்சுவிடும் காற்றின் அடர்த்தியைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு! ஊதிப் பெருத்த செம்பெருமீன் அது. 1596இல் பப்ரீசியசு கண்ட மைரா என்னும் விண்மீனின் இனத்தைச் சேர்ந்தது. பல நூறு கோடி ஆண்டுகளுக்குப் பின் நம் சூரியனும் முதுமையுற்று இவ்வாறே பெருத்துத் துடிக்கும் என்று கணித்துள்ளனர். அவர் கண்டது நம் சூரியனின் முதுமைக் கோலம் எனலாம்.

துடிப்பு ஏன் ஓயாமல் தொடர்கிறது என்னும் வினாவுக்கு எடிங்டன் வழிகாட்டினார். கொதிக்கும் சட்டியின் மூடி, ஆவி முட்டும்போது உயர்ந்து, ஆவி வெளியேறியதும் தாழ்கிறது அல்லவா? அதுபோல் விண்மீனின் ஓர் அடுக்கு, சுருங்கும்போது வெப்பத்தைத் தடுத்துச் சேர்த்துவைத்து, விரியும்போது வெளியே விடுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், ஐன்சுடைனின் ஈர்ப்புக் கொள்கையைத் துடிப்புக் கணக்கில் புகுத்தினார். மிக அடர்ந்த விண்மீன் எப்போது துடிக்கும் ஆற்றலை இழந்து தன்னுள் சரியத் தொடங்கும் என்பதை 1964இல் அவர் காட்டினார்.

பிறகு நம் சூரியனே மெல்ல அதிர்கிறது என்பது 1962இல் வெளியாயிற்று. அதன் மேற்பரப்பு ஏறக்குறைய ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. அவ்வதிர்வுகளை இடைவிடாது கேட்க 1995இல் உலகைச் சுற்றி ஆறு நிலையங்கள் அமைந்தபோது, அவற்றுள் ஒன்று நம் நாட்டு உதயப்பூரில் அமைந்தது. சூரியனுள் கொதித்துப் புரளும் பகுதி, மையத்திலிருந்து 71 விழுக்காட்டுத் தொலைவில் தொடங்குகிறது என்பது அதிர்வுகளால் கிடைத்த செய்தி. ரிஷோ பாதிரியார் புதுச்சேரியிலிருந்து இரண்டாகக் கண்ட ஆல்பா சென்டாரியின் பெரிய விண்மீன், ஏறக்குறைய ஏழு நிமிடத்திற்கு ஒருமுறை மெல்ல நடுங்குவதை 2001இல் தெளிவாக அளந்தனர். 2009இல் ஏவிய கெப்ளர் விண்தொலைநோக்கியின் அளவுகளைக் கொண்டு, பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு செம்பெருமீன்களில் எது மையத்தில் ஹீலியத்தை எரிக்கிறது, எது இன்னும் அந்நிலையை எட்டவில்லை என்று 2011இல் பிரித்துக் காட்டினர். வில்லியனூர்ப் பானையைத் தட்டிப் பார்த்த அதே முறைதான்!

நமக்குரியது

இரகுநாதாச்சாரியாரிடம் இத்தகைய கருவிகள் இல்லை, கொள்கையும் இல்லை. அவரிடம் இருந்தவை பழுதற்ற கண்ணும், எழுதிவைத்த ஏடும், ஏடும் வானும் மாறுபட்டால் வானையே நம்ப வேண்டும் என்னும் துணிவும். விண்மீனுக்கு அவர் காட்டிய நேர்மையும் பஞ்சாங்கத்திற்கு அவர் காட்டிய நேர்மையும் ஒன்றே. முன்னதற்குப் புகழ் கிடைத்தது, பின்னதற்கு வசை கிடைத்தது. இரண்டையும் ஒரே மனத்தோடு செய்தார் என்பதே அவர் பெருமை.

ஆய்வுக்கூடத்தில் நம் அளவு பாடநூலின் எண்ணோடு பொருந்தாதபோது, விடையை முன்வைத்து அளவைப் பின்னால் திருத்தி எழுதும் வழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. மதிப்பெண் கருதிச் செய்வது அது. அவ்வாறு அவர் செய்திருந்தால், மங்கிய மீனை மேகத்தின் மேல் பழிபோட்டு, பழைய ஒளித்தரத்தையே எழுதிவிட்டு நகர்ந்திருப்பார். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். உலகம் ஒரு விண்மீனை இழந்திருக்கும்.

தை மாத நடுவில், இரவு ஒன்பது மணியளவில் பாகூர் ஏரிக்கரையில் நின்று தெற்கே பாருங்கள். அகத்தியர் விண்மீன் வெண்ணிறமாய் ஒளிரும். அதற்கு மேற்கே, சற்றுத் தாழ்வாக, அடிவானத்துப் பனைமரங்களுக்கு மேலே இருண்ட வெளி ஒன்று தெரியும். அங்கே உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தோன்றாது. ஆனால் அங்கேதான் ஆர் ரெட்டிக்குலி தன் 280 நாள் துடிப்பை ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. நம்மவர் ஒருவர் அதைக் கண்டு எழுதிவைத்தார். அடுத்த வரியை எழுத வேண்டியவர்கள் நாம்.